150 கேள்விகள், எட்டு வரிகள்: மலையகத் தாதி ஒருவரின் என்கிளெக்ஸ் தயாரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் பதிவுபெற்ற தாதியாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வில் தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். அதில் புள்ளி இருக்காது. எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொன்னார் என்ற எண்ணும், பாடத்திட்டத்தின் எட்டுப் பிரிவுகளுக்கும் நேரே மூன்று நிலைகளில் ஒன்றும் இருக்கும்: தேறும் மட்டத்துக்கு மேல், மட்டத்துக்கு அருகில், மட்டத்துக்குக் கீழ். இந்த ஆய்வில் வரும் தாதி 150 கேள்விகளுக்கும் பதில் சொல்லித் தோற்றவர். அறிக்கையைப் பார்த்ததும் இன்னும் பெரிய புத்தகம் ஒன்று வாங்குவது என்றுதான் முதலில் முடிவு செய்தார். "நெறைய விட்டுட்டேன் போல அக்கா, திரும்ப முதல்ல இருந்து படிக்கணும்" என்றார்.

அந்த எட்டு வரிகள் சொன்னது அதுவல்ல. பாடத்தில் அவர் பெரிதாக எதையும் விட்டிருக்கவில்லை. தெரிந்ததை வைத்து முடிவெடுக்கும் இடத்தில் சறுக்கியிருந்தார். அதைச் சரிசெய்யப் பெரிய புத்தகம் உதவாது. அவர் எதைக் கைவிட்டார், எதைப் பிடித்துக்கொண்டார், ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இதே தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் வைத்தியசாலையையும் விட்டிருக்கிறேன்.

ஆள் யார்

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. தமிழ்மொழியில் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவு படித்து, அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்தார். பின்னர் நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை வார்டிலும் மருத்துவ வார்டிலும் வேலை. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் சம்பளம் எதற்கும் போதாமல் போனபோதுதான் வெளிநாட்டு யோசனை வந்தது. அந்த வருடம் அதே யோசனை வராத தாதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வார்டில் கெட்டிக்காரி. நோயாளி ஒருவர் மோசமாகிறார் என்பதை மொனிட்டர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடிக்கிற ஆள். முதல் தேர்வில் அவர் தோற்றது எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

முதல் முறை எதை வைத்துப் படித்தார்

மூன்று வகைப் பொருட்கள் அவரிடம் இருந்தன. முதலாவது, கைமாறி வந்த ஒரு தடித்த மீட்டல் புத்தகம். புதிய தேர்வு முறை வருவதற்கு முந்திய பதிப்பு. இரண்டாவது, டெலிகிராம் குழுக்களில் சுற்றும் பி.டி.எஃப். கட்டுகள். 'போன மாதம் வந்த கேள்விகள்' என்று பெயர் போட்டிருந்தார்கள். அதை ஹட்டனில் போட்டோகொப்பி எடுத்து, சுருள் கம்பி போட்டு வைத்திருந்தார். மூன்றாவது, நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்துக்கொண்டே பார்த்த யூடியூப் விரிவுரைகள்.

முறையும் நமக்குப் பழக்கமான முறைதான். நம் ஊரில் பரீட்சை என்றால் பாஸ்ட் பேப்பர். பத்து வருடத்துப் பேப்பரைச் செய்து முடித்தால் உயர்தரம் கைக்குள் வந்துவிடும் என்று டியூஷன் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பல பாடங்களுக்கு அது உண்மையும்கூட. கேள்வியின் அமைப்பு திரும்பத் திரும்ப வரும். அதே நம்பிக்கையோடு அவர் அந்தச் சுருள் கம்பிக் கட்டை மூன்று தடவை செய்தார். மூன்றாவது தடவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரி. போய்த் தேர்வு எழுதினார்.

என்கிளெக்ஸில் பாஸ்ட் பேப்பர் என்று ஒன்று கிடையாது. தேர்வை நடத்தும் என்.சி.எஸ்.பி.என். அமைப்பு கேள்விகளை வெளியிடுவதில்லை. எழுதுகிறவர்கள் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். ஆக, அந்த டெலிகிராம் கட்டு ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், இல்லையேல் ஒப்பந்தத்தை மீறிக் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது என்றால் மாட்டிக்கொள்பவரின் பெறுபேறே இரத்தாகலாம். அந்தக் கட்டில் இருந்த விடைகளில் பல பிழை என்பது பின்னால்தான் தெரிந்தது. விளக்கம் ஒன்றுக்கும் இல்லை. 'சி' என்று மட்டும் போட்டிருக்கும். ஏன் 'சி', ஏன் 'பி' இல்லை என்று கேட்க ஆளில்லை.

கணினி எப்படிக் கேட்கிறது

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொருள் தெரிவும் முறைத் தெரிவும் இதில்தான் தங்கியிருக்கின்றன.

என்கிளெக்ஸ் 1994இலிருந்து ஆளுக்கேற்ப மாறும் கணினித் தேர்வு. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும், பிழைத்தால் கொஞ்சம் இலகுவாக வரும். உங்கள் திறமைக்கு ஏறக்குறையச் சமமான, சரியாவதற்கும் பிழைப்பதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்வியைத்தான் அது தேடிக்கொண்டே இருக்கும். அதனால் கெட்டிக்காரரும் சரி, சாதாரணமானவரும் சரி, வெளியே வரும்போது 'பாதி பிழைத்துவிட்டது' என்ற உணர்வோடுதான் வருவார்கள். குறைந்தது 85 கேள்வி, கூடியது 150. நேரம் ஐந்து மணித்தியாலம், இடைவேளையும் அதற்குள்தான். இவர் தேறும் கோட்டுக்கு மேலே இருக்கிறார் அல்லது கீழே இருக்கிறார் என்று 95 சதவீத உறுதி கிடைத்தவுடன் கணினி நின்றுவிடும். தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும் வசதி இல்லை. பதில் சொன்னால்தான் அடுத்தது.

இப்போது அந்த 150 என்ற எண்ணைப் பாருங்கள். கடைசிவரை கணினிக்கு உறுதி கிடைக்கவில்லை. அதாவது அவர் கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்திருக்கிறார். மிக மோசமாகச் செய்திருந்தால் 85இலேயே நின்றிருக்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியவரின் அடையாளம் இதுவல்ல என்று நான் சொன்னதற்கு இது முதல் காரணம்.

2023 ஏப்ரல் 1ஆம் திகதி புதிய தலைமுறைக் கேள்விகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் புள்ளி கணக்கிடப்படும் நோயாளர் கதைகள் மூன்று வரும், கதைக்கு ஆறு கேள்வி. அந்த ஆறும் ஒரு தாதி யோசிக்கும் வரிசையிலேயே போகும்: அறிகுறியைக் கவனித்தல், அதை அலசுதல், எது முக்கியம் என வரிசைப்படுத்தல், வழிகளை யோசித்தல், செய்தல், பலனைப் பார்த்தல். போ-டை (bow-tie) எனப்படும் கழுத்துப்பட்டி வடிவக் கேள்வி ஒன்றும் உண்டு. நடுவில் நோயாளிக்கு என்ன நடக்கிறது, ஒரு பக்கம் செய்ய வேண்டிய இரண்டு, மறு பக்கம் கண்காணிக்க வேண்டிய இரண்டு. 'பொருந்துவன எல்லாவற்றையும் தெரிவு செய்க' கேள்விகளுக்கு முன்பு எல்லாம் சரியென்றால்தான் புள்ளி. இப்போது சரிக்கு ஒன்று கூட்டி, பிழைக்கு ஒன்று கழிப்பார்கள், பூச்சியத்துக்குக் கீழே போகாது. பழைய புத்தகத்தை வைத்துப் படித்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. 'எதற்கும் இதையும் போட்டு வைப்போம்' என்று சந்தேகமானதையும் அவர் தெரிவு செய்துகொண்டே போயிருக்கிறார். கழிபட்டிருக்கும்.

எட்டு வரிகளை வாசித்தபோது

உடலியல் தழுவல், அதாவது நோயும் அவசர நிலையும் சார்ந்த பிரிவில் மட்டத்துக்கு மேல். மருந்தியலில் அருகில். சுகாதார மேம்பாடு, அடிப்படைப் பராமரிப்பு, ஆபத்துக் குறைப்பு ஆகியவற்றிலும் அருகில். பாதுகாப்பும் தொற்றுத் தடுப்பும் கீழ். உளசமூகம் கீழ். பராமரிப்பு முகாமைத்துவம் கீழ். 2023 பாடத்திட்டத்தில் இந்தக் கடைசிப் பிரிவுக்கு மட்டும் 15 முதல் 21 சதவீதம் வரை இடம் உண்டு. எட்டில் அதுதான் பெரியது. மருந்தியல் 13 முதல் 19.

மேலே இருந்த பிரிவு வார்ட் கற்றுக்கொடுத்த பிரிவு. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஒரே நேரத்தில் நான்கைந்து பேரைத் தூக்கிக்கொண்டு வருவது மலையக வைத்தியசாலைகளில் புதிய விஷயமல்ல. மூச்சுத் திணறி, உதடு வீங்கி வருபவருக்கு முதலில் தொடைத் தசையில் அட்ரினலின், மற்றதெல்லாம் பிறகு என்பது இவருக்குக் கைப்பழக்கம். தேர்வும் அதையேதான் கேட்கும்.

கீழே இருந்த மூன்று பிரிவுகளும் வார்ட் வேறு மாதிரிக் கற்றுக்கொடுத்த பிரிவுகள். என் கருத்தில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். இலங்கை வைத்தியசாலைகளிலிருந்து, குறிப்பாக மலையகத்திலிருந்து, என்கிளெக்ஸுக்குப் போகிற யாருக்கும் இது பொருந்தும்.

மொழியை எடுத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து வரும் அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். பயிற்சி டொக்டரான ஹவுஸ் ஒபிசருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும். நடுவில் நிற்பது கூட வந்த மகள், இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி), அதுவும் இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில்காரர். இப்படித்தான் வேலை நடக்கிறது, நடந்தாக வேண்டும். தேர்வில் குடும்பத்தவரை மொழிபெயர்க்கச் சொல்வது பிழையான தெரிவு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைப்பதே எதிர்பார்க்கப்படும் பதில். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும்போது விளக்க வேண்டியவர் சத்திரசிகிச்சை நிபுணர். தாதி கையொப்பத்துக்குச் சாட்சி. நோயாளிக்கு விளங்கவில்லை என்றால் தாதி தானே விளக்கப் போகாமல் டொக்டரை மீண்டும் அழைக்க வேண்டும். நம் வார்டில் விளக்குவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆறுதலும் அப்படித்தான். "ஒண்ணும் ஆகாது அம்மா, பயப்படாதீங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! தேர்வில் அது பொய்யான உறுதி. நோயாளியின் பயத்தைப் பேசவிடும் பதில்தான் சரி: "ஒப்பரேஷனை நினைத்து என்ன யோசனை ஓடுகிறது, சொல்லுங்கள்." இவர் உளசமூகப் பிரிவில் கீழே நின்றதற்கு மனநோய்ப் பாடம் தெரியாதது காரணமல்ல. அன்பான பதிலைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம்.

வேலைப் பகிர்வு இன்னும் கடினம். அமெரிக்க வார்டில் பதிவுபெற்ற தாதிக்குக் கீழே உரிமம் பெற்ற செயல்முறைத் தாதி என்று ஒரு படி இருக்கிறது, அதற்கும் கீழே உரிமம் இல்லாத உதவியாளர். நம்மிடம் அந்த நடுப்படி இல்லை. தாதி, அப்புறம் சுகாதார உதவியாளர், அவ்வளவுதான். யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்ற கேள்வி வரும்போது அவர் தன் வார்டைத்தான் நினைத்தார். தேர்வின் விதி தெளிவானது: முதல் மதிப்பீடு, போதனை, பலனை மதிப்பிடுதல், நிலை தளம்பும் நோயாளி ஆகியவற்றைப் பதிவுபெற்ற தாதி பிறரிடம் ஒப்படைக்கக் கூடாது. நிலை சீரான நோயாளிக்கு வாய்வழி மருந்து நடுப்படிக்குப் போகலாம். குளிப்பாட்டல், நடக்க வைத்தல், சீரான நோயாளியின் நாடி, இரத்த அழுத்தம் ஆகியவை உதவியாளருக்குப் போகலாம்.

தொற்றுத் தடுப்பில், காசநோய்ச் சந்தேகம் உள்ளவரை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றுவது இடமில்லாத வார்டின் ஏற்பாடு. தேர்வில், உள்காற்று வெளியே பரவாத எதிர்மறை அழுத்தமுள்ள தனியறையும் என்95 முகக்கவசமும்தான் விடை. தட்டம்மைக்கும் அதேதான். சின்னம்மைக்கு அதோடு கையுறை, மேலங்கி போன்ற தொடுகைத் தடுப்பும் வேண்டும்.

இன்னொன்று, 'டொக்டருக்கு அறிவி' என்ற தெரிவு. நம் வார்டில் அது பாதுகாப்பான வழி. தேர்வில், தாதி உடனே செய்யக்கூடிய ஒன்று தெரிவுகளில் இருந்தால் அது முந்தும். வயிற்றுத் தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிட்டது என்ற பயிற்சிக் கேள்விக்கு இவர் 'சத்திரசிகிச்சை நிபுணரை அழை' என்று போட்டிருந்தார். நோயாளியை விட்டுப் போகாமல், முழங்கால் மடக்கித் தாழ்வாகச் சாய்த்து, உப்புநீரில் நனைத்த கிருமிநீக்கிய துணியால் மூடுவதுதான் முதல் வேலை. நிபுணரை அழைக்க வேறு ஆளை அனுப்பலாம். இதே நிலைமை நேரில் வந்தபோது இவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். கேள்வியாக வந்தபோது கை தயங்கியிருக்கிறது.

தேர்வு ஒரு கற்பனை வைத்தியசாலையில் நடக்கிறது. அங்கே எல்லா உபகரணமும் இருக்கும், ஆள் பற்றாக்குறை இருக்காது. நம் வார்ட் பழக்கம் பிழை என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டில் முப்பதும் நோயாளி ஐம்பதும் உள்ள இடத்தில் நடைமுறை வேறாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வைத்தியசாலையில் நிற்கிறோம் என்று மறந்துவிட்டால் புள்ளி போய்விடும்.

இரண்டாம் முறை: எதை வைத்துக்கொண்டார்

முதலில் காசு கொடுக்கத் தேவையில்லாத ஒன்று. என்.சி.எஸ்.பி.என். தன் பாடத்திட்டத்தை இலவசமாக வெளியிடுகிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. எந்தப் பிரிவில் என்னென்ன செயல்கள் வரும், எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. புதிய வகைக் கேள்விகளைத் திரையில் தொட்டுப் பார்க்கவும் அவர்களே மாதிரி வைத்திருக்கிறார்கள். முதல் முறை அவர் இரண்டையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. டியூஷன் ஆசிரியர் நோட்ஸ் தரும்போது பாடத்திட்டத்தை யார் வாசிப்பார்கள்!

அடுத்து, கேள்வி வங்கி, அதாவது விளக்கத்தோடு பயிற்சிக் கேள்விகள் தரும் கட்டண இணையத் தொகுப்பு. யூவேர்ல்ட், ஆர்ச்சர் போன்றவை நம் தாதியரிடையே பரவலாகப் பேசப்படுபவை. எதை எடுப்பது என்று பல நாள் இழுபறி. நான் பார்க்கச் சொன்னது நிறுவனத்தின் பெயரை அல்ல. 2023க்குப் பிந்திய கேள்வி வகைகள் இருக்கின்றனவா? சரியான விடைக்கு மட்டுமல்லாமல், மற்றத் தெரிவுகள் ஒவ்வொன்றும் ஏன் பிழை என்றும் விளக்கம் இருக்கிறதா? பிரிவு பிரிவாகப் பிரித்துச் செய்ய முடிகிறதா? தோட்டத்து சிக்னலில் போனில் திறக்கிறதா? கடைசிக் கேள்வியைச் சிரிப்பாக எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் அவருடைய வீட்டில் வாசல் படியில் நின்றால்தான் டேட்டா வரும். விரிவுரைக் காணொளிகளை நம்பிய பொதிகள் அங்கேயே கழிபட்டுவிட்டன. எழுத்து விளக்கம் கூடுதலாக உள்ள ஒன்றை, குறுகிய காலத்துக்கு மட்டும் வாங்கினார்.

ஒன்றே ஒன்று. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு மூன்று வங்கிகளை வாங்கி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்பவர்கள் விளக்கங்களை வாசிப்பதில்லை. கேள்வி எண்ணிக்கையைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பணமும் சும்மா வருவதில்லை. தேர்வுப் பதிவு 200 டொலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலதிகமாக 150 டொலர். டொலர் 300 ரூபா கணக்கில் இரண்டும் சேர்ந்தே இலட்சத்தைத் தாண்டிவிடும். சென்னை மையத்துக்குப் போய்வரும் செலவு வேறு.

தடித்த புத்தகத்தை எறியவில்லை. உடலியலும் நோயும் 2023இல் மாறிவிடவில்லையே. ஆனால் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதை நிறுத்தி, கேள்வியில் தடுக்கிய இடத்தைத் தேடிப் பார்க்கும் அகராதியாக மட்டும் வைத்துக்கொண்டார். சுருள் கம்பிக் கட்டு அடுப்புக்குப் போனது.

மருந்துப் பெயர்களுக்கு ஒரு தாள் தேவைப்பட்டது. நாம் வார்டில் எழுதுவது பிரித்தானியப் பெயர், திரையில் வருவது அமெரிக்கப் பெயர். பரசிட்டமோல் அங்கே அசிட்டமினோபென். சல்பூட்டமோல் அல்பியூட்டரோல். அட்ரினலின் எபிநெப்ரின். பெத்திடின் மெபெரிடின். லிக்னோகெயின் லிடோகெயின். ரிபம்பிசின் ரிபம்பின். கிளிபென்கிளமைட் கிளைபூரைட். ஜி.டி.என். என்று நாம் சொல்வது நைட்ரோகிளிசரின். தெரிந்த மருந்தைத் தெரியாத மருந்து என்று நினைத்து அவர் இழந்த நேரம் கொஞ்சமல்ல. எடை இறாத்தலிலும் திரவம் அவுன்ஸிலும் வரலாம். கிலோவுக்கு 2.2 இறாத்தல், அவுன்ஸுக்கு 30 மில்லிலீற்றர். இந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டு, பிள்ளைக்கே பாடமாகிவிட்டது.

எப்படிப் படித்தார்

வாசிப்பது, கோடு போடுவது, மீண்டும் வாசிப்பது ஆகியவைதான் நாம் எல்லோரும் செய்வது. 2013இல் டன்லொஸ்கி என்ற உளவியலாளரும் சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளை அலசி, கோடு போடுவதையும் மீள்வாசிப்பையும் குறைந்த பயன் தருபவை என்றும், தன்னைத் தானே சோதிப்பதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் அதிக பயன் தருபவை என்றும் வகைப்படுத்தினார்கள். கேள்வி வங்கியைக் கடைசி மாதத்துச் சோதனையாக வைக்காமல் படிப்பாகவே மாற்றியதற்கு ஆதாரம் இதுதான்.

ஒரு நாளுக்கு எத்தனை கேள்வி என்பதை டியூட்டி ரோஸ்டர் தீர்மானித்தது. ஓய்வு நாளில் பெரிய தொகுதி, காலை டியூட்டி நாளில் சின்னது, நைட் முடிந்த நாளில் எதுவுமில்லை. நைட் முடிந்த நாளில் படிக்காமல் விடுவதற்கு அவர் முதலில் சம்மதிக்கவில்லை. தூக்கமில்லாமல் செய்த தொகுதிகளில் விளக்கம் வாசித்ததே நினைவில்லை என்று அவரே பார்த்த பிறகுதான் விட்டார். கேள்வி செய்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விளக்கத்துக்கு. சரியான கேள்விகளின் விளக்கமும் வாசிக்க வேண்டும். ஏனென்றால் ஊகித்துச் சரியானதும் சரி என்றுதான் காட்டும்.

அப்புறம் பிழைக் கொப்பி. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி, பக்கத்தில் மூன்று காரணங்களில் ஒன்று: 'தெரியாது'; 'தெரியும், ஆனால் கேள்வியை ஒழுங்காக வாசிக்கவில்லை'; 'தெரியும், ஆனால் வார்ட் பழக்கத்தில் போட்டேன்'. 'தெரியாது' நிறைய வரும் என்று எதிர்பார்த்தார். கொப்பியை நிறைத்தது மூன்றாவது. அதைப் பார்த்த பிறகுதான் பெரிய புத்தகப் பேச்சு நின்றது. இரண்டாவது வகையில் ஒரு பொறி அடிக்கடி வந்தது: 'மேலும் போதனை தேவை என்பதைக் காட்டும் கூற்று எது' என்ற கேள்வி. நோயாளி பிழையாகச் சொல்வதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் சரியான கூற்றைப் போட்டுவிடுவார். பிழைத்த கேள்வியை இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, பிறகு மாதக் கடைசியில் ஒருமுறை திரும்பப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் நாங்கள் சிலர் கூடுவோம். அங்கே ஒரு விதி: ஒரு கேள்வியை எடுத்தவர் அதன் விளக்கத்தைத் தமிழில், புத்தகம் பார்க்காமல், எதிரில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வாசித்துத் தலையாட்டியது தமிழில் சொல்லும்போது எங்கே ஓட்டை என்று காட்டிவிடும். மக்னீசியம் சல்பேட் நச்சுத்தன்மைக்கு மாற்று மருந்து கல்சியம் குளுகோனேட் என்று எல்லோரும் சொல்வார்கள். முழங்கால் அனிச்சை ஏன் முதலில் மறைகிறது, சுவாசம் ஏன் பிறகு குறைகிறது என்று தமிழில் சொல்லச் சொன்னால் அறை அமைதியாகிவிடும். நோயாளர் கதைக் கேள்விகளையும் இப்படியே ஆறு படியாக, ஆளுக்கு ஒரு படியாகச் செய்தோம். எங்கள் எல்லோருக்கும் இந்தக் கூட்டம்தான் மிகவும் பிடித்திருந்தது. அதில் வந்த வடையும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். போனில் போட்ட நினைவட்டைச் செயலி இரண்டு வாரத்தில் கைவிடப்பட்டது. அட்டை செய்வதிலேயே நேரம் போனது. வட்ஸ்அப் குழு தொடங்கிய வேகத்தில் வேலை முகவர் விளம்பரங்களால் நிறைந்தது. கேள்வி வங்கியின் முழுநீள மாதிரித் தேர்வை முதல் தடவை ஒரு நைட் டியூட்டிக்கு மறுநாள் செய்து, வந்த பெறுபேற்றைப் பார்த்து அழுதார். இரண்டாவதை ஓய்வு நாளில், காலை எட்டு மணிக்கு, சென்னை மையத்தில் உட்கார வேண்டிய அதே நேரக் கணக்கில் செய்தார். அந்தப் பெறுபேற்றைத்தான் நம்பினோம்.

பெறுபேறும் அதற்குப் பிறகும்

தோற்றவர் மறுபடி எழுத 45 நாள் இடைவெளி போதும். இவர் அதைவிட நீண்ட காலம் எடுத்தார். லீவும் பணமும் சேர வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை 150க்கு வெகு முன்பே திரை நின்றது. தேறினார்.

எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தேறியவருக்குப் பிரிவு வாரியான விவரம் தருவதில்லை. பொருளை மாற்றியதும் முறையை மாற்றியதும் ஒரே காலத்தில்தான் நடந்தன. முதல் தடவை எழுதிய அனுபவமே ஒரு பயிற்சிதான். என் ஊகத்தைக் கேட்டால், பிழைக் கொப்பியின் மூன்றாவது காரணத்துக்கு முதலிடம் கொடுப்பேன். அந்தக் கொப்பிக்கு எண்பது ரூபாதான்.

எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தில் இன்னொருவர் இப்போது இங்கிலாந்துப் பதிவுக்குப் படிக்கிறார். இவர் தன் கேள்வி வங்கிக் குறிப்புகளை அவருக்குக் கொடுக்க வந்தபோது நான் மறித்தேன். அங்கே கணினித் தேர்வு ஆளுக்கேற்ப மாறுவதில்லை. கணக்குக்குத் தனியாக 30 நிமிடத்தில் 15 கேள்வி, தாதியியலுக்கு இரண்டரை மணித்தியாலத்தில் 100 கேள்வி, பிறகு இங்கிலாந்துக்குப் போய்ச் செய்முறைத் தேர்வு பத்து நிலையங்களில். மருந்துப் பெயரும் பெரும்பாலும் நாம் எழுதும் பெயர்தான், குளிர்சாதனப் பெட்டித் தாள் அவருக்கு வேண்டாம். மருந்தளவுக் கணக்கில் அவர் பலவீனம். அதனால் அவருக்கு முதலில் வேண்டியது கணக்குப் பயிற்சி. இரண்டாவதாக, உரக்கச் சொல்லிக்கொண்டே செய்முறை காட்டிப் பழக ஒரு ஆளும் ஒரு கட்டிலும். கொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டார், காலிப் பக்கங்கள் இன்னும் மிச்சம் இருந்தன.